ஹம்பர் செயின்வீல் டூப்ளிகேட் என்று தெரிந்துவிட்டது. கழற்றுவதா, விடுவதா?

டபுள் போர்க் (கும்பகோணம்)

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், முதல்முறையாக ஓர் இழை தொடங்குகிறேன். மனசு சரியில்லாமல்தான் தொடங்குகிறேன்.

போன ஆடியில் ஹம்பர் என்ற பழைய இங்கிலீஷ் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். முன்னால் நான்கு குழாய் போர்க், ராடு பிரேக், 28 அங்குலச் சக்கரம், பின்னால் ஸ்டர்மி ஆர்ச்சர் ஏடபிள்யூ மூன்று கியர் ஹப். ஹப் ஓட்டின் மேல் 51 என்று வருடமும் பக்கத்தில் மாத எண்ணும் அச்சடித்திருக்கிறது. என் தாத்தா ஓட்டியது இதே வகை வண்டி. அதனால்தான் கையில் இருந்த காசையெல்லாம் போட்டு வாங்கினேன். ஹம்பரின் செயின்வீலில், அதாவது பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தில், ஐந்து மனித உருவங்கள் வெட்டியிருக்கும். விற்றவர், “செயின்வீல் கம்பெனி சாமான், மனிதர்கள் ஐந்து பேரும் பழுதில்லாமல் இருக்கிறார்கள்” என்று சொல்லி, அதற்கென்றே தனியாக ஒன்பதாயிரம் வாங்கிக்கொண்டார்.

போன ஞாயிறு வண்டியைக் கவிழ்த்துப்போட்டு ஓவராயில் செய்தேன். செயின்வீலின் பின்புறம் வெள்ளிப் பெயின்ட் அடித்திருந்தது. தின்னர் நனைத்த துணியால் துடைத்தேன். பெயின்ட் போனதும் ஒவ்வொரு மனிதனின் கால் இடுக்கிலும் தகட்டின் கனம் முழுக்க வரிவரியாகக் கோடு தெரிந்தது. லேசர் இயந்திரத்தில் வெட்டிய தகடு. 1951இல் அப்படி வெட்ட முடியாது.

விற்றவரிடம் போனில் பேசினேன். “எனக்கும் அப்படித்தான் வந்தது” என்று முடித்துக்கொண்டார். சரி, காசு போனது போகட்டும். இனி இதை வண்டியில் வைத்திருப்பதா, கழற்றுவதா? கழற்றினால் அந்த இடத்தில் எதைப் போடுவது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

காட்டர் பின் (மதுரை)

தம்பி, மனசைத் தளரவிடாதீர்கள். இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் எல்லோரும் ஒருமுறையாவது இப்படி ஏமாந்திருக்கிறோம். நான் மூன்று முறை.

ஒரிஜினலா இல்லையா என்பது அப்புறம். முதலில் ஓட்டுவதற்கு லாயக்கா என்று பாருங்கள். சக்கரத்தைத் தூக்கி வைத்து பெடலை மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு சுற்றில் செயின் ஓர் இடத்தில் இறுகி, எதிர்ப்பக்கம் வந்ததும் தொங்கினால் மையம் சரியில்லை என்று அர்த்தம். பல்லை விரல் நகத்தால் தடவுங்கள். கம்பெனி செயின்வீலில் பல்லின் இரு பக்கமும் லேசாகச் சரித்திருக்கும், செயின் வழுக்கி உட்காருவதற்கு. தகட்டில் வெட்டியதில் பல் சதுரமாக நிற்கும். செயின் ஒவ்வொரு பல்லிலும் ‘டிக் டிக்’ என்று ஏறும்.

அதைவிட முக்கியம் கிராங்க், பெடலைத் தாங்கும் கை. செயின்வீல் வலது கிராங்கோடு சேர்ந்தே வருவதால் கிராங்கும் புதிதாகத்தான் இருக்கும். கிராங்கை அச்சோடு பிடித்து வைக்கும் காட்டர் பின்னைத் தட்டி எடுத்து ஓட்டையைப் பாருங்கள். வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் நீண்டிருந்தால் மிருதுவான இரும்பு. என் நண்பர் ஒருவர் அப்படி ஒரு கிராங்கை இரண்டு மாதம் ஓட்டினார். ஒவ்வொரு வாரமும் காட்டரை அடித்து இறுக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் பாலத்து ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தபோது கிராங்க் அச்சில் அப்படியே சுற்றிவிட்டது. முழங்காலில் ஒன்பது தையல்.

கண்காட்சிக்கு நிற்கும் வண்டியில் பேட்ஜ், மணி, விளக்கு எது டூப்ளிகேட்டாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. ஓட்டுகிற வண்டியில் கிராங்க், போர்க், ஹேண்டில் தண்டு மூன்றையும் எங்கே, எதில் செய்தது என்று தெரியாமல் நான் போட மாட்டேன்.

லூதியானா 28 (திருப்பூர்)

காட்டர் அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் தலைப்பில் இருக்கும் “டூப்ளிகேட்” என்ற சொல்லைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம். டூப்ளிகேட் என்றாலே திருட்டு என்பது போல நாம் பேசுகிறோம்.

தம்பியின் ஹம்பரில் இருக்கும் டயர் எப்போது செய்தது? 28 x 1½ டயர் இன்றும் நம் நாட்டில் புதிதாக வருகிறது. காரணம் எளிது. பால்காரரும் கேஸ் சிலிண்டர் கட்டிக்கொண்டு போகிறவரும் ஓட்டும் கருப்பு ரோட்ஸ்டர் இங்கே உற்பத்தியிலிருந்து நிற்கவே இல்லை. வெஸ்ட்வுட் ரிம், ராடு பிரேக், பிரேக் கட்டை, மட்கார்டு கம்பி, ஸ்பிரிங் சீட் எல்லாம் லூதியானாவில் இன்றைக்கும் செய்கிறார்கள். இங்கிலாந்தில் பழைய ராலே சைக்கிளைப் பழுது பார்ப்பவர்கள்கூட இந்தச் சாமான்களை வரவழைத்துத்தான் ஓட்டுகிறார்கள். இவற்றை மறுபதிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஒரே சாமான், இடைவிடாமல் செய்துகொண்டே இருக்கிறார்கள், செய்யும் ஊர்தான் மாறியிருக்கிறது.

நம் அம்பத்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1949இல் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கியது இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கூட்டில்தான். பர்மிங்காமில் 1910இல் பிறந்த ஹெர்குலிஸ் பெயர் அங்கிருந்து இங்கே வந்தது. அந்தக் காலத்து அம்பத்தூர் ஹெர்குலிஸை டூப்ளிகேட் என்று யார் சொல்வார்கள்? என் அப்பா அதில்தான் மில்லுக்குப் போனார்.

நாட்டிங்ஹாம் 26 (சென்னை)

லூதியானா சார் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. அதற்காகத்தான் இந்தப் புனைபெயரையே வைத்திருக்கிறேன்.

ஹம்பரை ராலே 1932இல் வாங்கிவிட்டது. ரட்ஜ் 1943இல் போனது. பிஎஸ்ஏ சைக்கிள் 1957இல். ஆக, தம்பியின் 51 ஹம்பர் பெயரில் ஹம்பர், உடம்பில் ராலேயின் சொந்த ஊரான நாட்டிங்ஹாமில் செய்த ராலே. ராலே தன் பாட்டம் பிராக்கெட்டுக்கும் (பெடல் அச்சு உட்காரும் இடம்) ஹெட்செட்டுக்கும் (ஹேண்டில் சுழலும் இடம்) அங்குலத்துக்கு 26 மரை வைத்தது. மற்ற ஆங்கில வண்டிகள் பெரும்பாலும் 24 மரை. இது தெரியாமல் 24 மரை கப்பை (பேரிங் கிண்ணம்) ராலே ஷெல்லில் (அது ஏறும் ஃபிரேம் குழாய்) வைத்து முறுக்கினால் முதல் சுற்று போகும், இரண்டாவதில் பிடிக்கும். “கொஞ்சம் டைட்டா இருக்கு சார்” என்று சொல்லிக்கொண்டு மெக்கானிக் ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி பலம் போடுவார். அவ்வளவுதான், எழுபது வருட ஷெல்லின் மரை உள்ளே துருவலாக உதிரும். அப்படி அழிந்த ஃபிரேம்கள் நான்கை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

புது கப் வாங்கும்போது பழைய கப்பைக் கையோடு எடுத்துப்போங்கள். இரண்டையும் மரையோடு மரை வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். இடைவெளி தெரிந்தால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். காட்டரும் அப்படித்தான். ராலேக்கு 9.5 மில்லிமீட்டர். 9 போட்டால் இன்றைக்கு உட்காரும், நாளைக்கு ஆடும்.

கழற்றுவதா என்ற கேள்விக்கு என் பதில்: கழற்றுங்கள். வண்டியில் எது 1951, எது நேற்று என்று பார்ப்பவனுக்குத் தெரிய வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்து இங்கிலீஷ் வண்டிகளில் குரோமியம் கிடைக்காமல் ஹேண்டில், ரிம் எல்லாவற்றுக்கும் கருப்பு பெயின்ட் அடித்து அனுப்பினார்கள். நம் ஆட்கள் அதை அழகில்லை என்று சுரண்டி, பளபளவென்று குரோமியம் ஏற்றிவிடுகிறார்கள். அந்த வண்டி எந்தக் காலத்தில் பிறந்தது என்று சொல்ல இருந்த ஒரே சாட்சி போய்விடுகிறது. 1920களின் வண்டியிலும் இதே கதை. அதில் இருந்தது நிக்கல். கொஞ்சம் மஞ்சள் சாயலோடு, பால் காய்ச்சிய பாத்திரம் மாதிரி ஒரு மங்கல் வெளிச்சம். நீலம் அடிக்கும் குரோமியத்தை அதில் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

றலி மகன் (யாழ்ப்பாணம்)

நாட்டிங்ஹாம் அண்ணை, உங்கள் கருத்தை மதிக்கிறேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் அப்பாவின் றலி (ராலே) சைக்கிள் இருக்கிறது. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல் இல்லை, சைக்கிள்தான் எல்லாம். ஆஸ்பத்திரிக்குப் போனதும் அதில்தான், விறகு கொண்டுவந்ததும் அதில்தான், இடம்பெயர்ந்தபோது அம்மம்மாவை ஏற்றிச் சென்றதும் அதில்தான். மின்சாரம் இல்லாத இரவுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைச் சுற்ற, டைனமோவில் அப்பா ரேடியோச் செய்தி கேட்பார்.

அந்த வண்டியின் பின் மட்காட் கம்பி வேலிக் கம்பியில் வளைத்தது. பிரேக் கட்டை பழைய லொறி டயரில் வெட்டியது. காட்டர் பின் ஒன்று சந்தியில் இருந்த கடைசல்காரர் பெரிய ஆணியை அராவிச் செய்து தந்தது. எல்லாம் டூப்ளிகேட்தான். போன வருடம் கனடாவில் இருந்து வந்த உறவினர் ஒருவர், “இதையெல்லாம் மாற்றி வடிவாக ஒரிஜினல் சாமான் போடுவோம், நான் காசு தாறன்” என்றார். நான் சம்மதிக்கவில்லை. அந்த வேலிக் கம்பியைக் கழற்றினால் அப்பாவைக் கழற்றின மாதிரி இருக்கும்.

நாட்டிங்ஹாம் 26 (சென்னை)

றலி மகன், இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. உங்கள் வண்டியில் ஒரு திருகைக்கூட யாரும் தொடக் கூடாது. நான் சொன்ன “எது 1951, எது நேற்று” என்ற கணக்கில் உங்கள் வேலிக் கம்பி எந்தத் தவறும் செய்யவில்லை. அது தன்னை வேலிக் கம்பி என்றே காட்டிக்கொள்கிறது. தம்பியின் செயின்வீல் பின்புறம் பெயின்ட் அடித்துக்கொண்டு வந்தது. எனக்குக் கோபம் அந்தப் பெயின்ட் மேல்தான்.

மிச்சிகன் ஏரிக்கரை (சிகாகோ)

நான் இருப்பது ஷ்வின் சைக்கிள் கம்பெனி பிறந்த ஊர். இங்கே நடந்தது ஒன்றைச் சொல்கிறேன், நாட்டிங்ஹாம் சொன்ன கடைசி வரிக்குப் பொருத்தமாக இருக்கும்.

1949 முதல் 1959 வரை ஷ்வின் ‘பிளாக் பாண்டம்’ என்று ஒரு வண்டி செய்தது. கருப்பும் சிவப்பும், நடுவில் டேங்க், முன்னால் ஸ்பிரிங் போர்க், உடம்பெல்லாம் குரோமியம். சேகரிப்பவர்களுக்கு அதன் மேல் தீராத ஆசை. 1995இல் கம்பெனியின் நூறாவது ஆண்டுக்கு ஷ்வினே அந்த வண்டியை மறுபடி செய்து விற்றது. கம்பெனியே செய்ததால் அதைப் போலி என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் பல பாகங்கள் பழைய வண்டியில் அப்படியே உட்காரும். பத்து, இருபது வருடம் மழையிலும் கராஜிலும் கிடந்தபின் 1995இன் பாகம் 1950இன் பாகம் போலவே முகம் மங்கி நிற்கும். இன்றைக்கு இங்கே ஒரு பாண்டம் வாங்குகிறவர் டேங்கின் உள்பக்கம், விளக்கின் உள்பக்கம் என்று டார்ச் அடித்துப் பார்த்துத்தான் விலை பேசுகிறார்.

செய்தபோது யாருக்கும் ஏமாற்றும் எண்ணம் இல்லை. நாலு கை மாறியபோதுதான் அந்தத் தகவல் தொலைந்தது. அதனால் புதிதாகச் செய்யும் எந்தச் சாமானிலும் ஆண்டைப் பொறித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் காகிதம் முதலில் தொலையும்.

வார்ப்படம் (கோயம்புத்தூர்)

நான் இங்கே எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன். நான் பேட்ஜ் செய்கிறவன். பம்ப்செட் உதிரிப் பட்டறைதான் தொழில். மாலை நேரத்தில் பித்தளையில் ஹெட் பேட்ஜ் ஊற்றுகிறேன். ராலேயின் நாரைத் தலை, ரட்ஜின் கை, எல்லாம் செய்திருக்கிறேன்.

ஏன் செய்கிறேன் என்றால், பழைய வண்டியை விற்கும்போது பேட்ஜை மட்டும் பிடுங்கித் தனியாக விற்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. காயலான் கடைக்கு வரும் முன்பே பேட்ஜ் போய்விடும். ஹெட் குழாயில் இரண்டு ஓட்டை மட்டும் கண்ணைப் பறிகொடுத்த மாதிரி நிற்கும். அந்த ஓட்டைக்காகத்தான் செய்ய ஆரம்பித்தேன்.

என் பேட்ஜைப் பிரித்தறிவது சுலபம். கம்பெனி பேட்ஜ் மெல்லிய பித்தளைத் தகட்டில் அச்சில் அழுத்தியது. முன்னால் மேடாக இருப்பது பின்னால் பள்ளமாக இருக்கும். என்னுடையது வார்ப்பு, பின்புறம் சமதளம், கையில் கனக்கும், எழுத்தின் ஓரம் கொஞ்சம் மொழுக்கென்று இருக்கும். ஆனால் வண்டியில் மாட்டிவிட்டால் பின்புறம் தெரியாதே.

ஆரம்பத்தில் நான் எந்த அடையாளமும் வைக்கவில்லை. யோசிக்கவே இல்லை, அதுதான் உண்மை. பிறகு ஒருநாள் என் பேட்ஜை ஒரு விற்பனைப் பதிவில் பார்த்தேன். புளித்தண்ணியில் ஊறவைத்து, சாணியில் புதைத்து எடுத்து நிறம் ஏற்றி, “இங்கிலாந்தில் செய்தது” என்று போட்டிருந்தார்கள். என் கையால் அராவிய ஓரம் எனக்குத் தெரியாதா? அன்றிலிருந்து பின்புறம் ஆண்டை ஊற்றோடு சேர்த்தே வைக்கிறேன். அச்சிலேயே இருப்பதால் அராவி எடுத்தால் பேட்ஜ் மெலிந்து காட்டிக்கொடுக்கும். வியாபாரிகள் இரண்டு பேர் ஆர்டரை நிறுத்திவிட்டார்கள். ஓட்டுகிறவர்கள் யாரும் நிறுத்தவில்லை.

டபுள் போர்க் (கும்பகோணம்)

வார்ப்படம் ஐயா, வந்து எழுதியதற்கு நன்றி. ஒரு கேள்வி. பின்புறம் ஆண்டு இருந்தாலும் மாட்டியபின் தெரியாது என்று நீங்களே சொல்கிறீர்கள். முன்புறம் ஒரு ஓரத்தில் சின்னப் புள்ளியாவது வைக்கலாம் அல்லவா?

வார்ப்படம் (கோயம்புத்தூர்)

வைத்துப் பார்த்தேன் தம்பி. நாரையின் கழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி. வாங்கியவர்கள் வருத்தப்பட்டார்கள். “ஏமாற்றுவதற்கு வாங்கவில்லை, தினமும் பார்க்கும்போது உறுத்துகிறது” என்றார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால் பின்புறத்தோடு நிறுத்திக்கொண்டேன். வாங்கப் போகிறவர் இரண்டு திருகைக் கழற்றிப் பார்க்கக் கேட்கலாம். கழற்றவிடாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

ஆவாரம் (வாணியம்பாடி)

பேச்சு உலோகத்திலேயே நிற்கிறது. தோலைப் பற்றி நான் சொல்கிறேன்.

பழைய புரூக்ஸ் சீட்டின் இரும்புச் சட்டமும் ஸ்பிரிங்கும் நூறு வருடம் நிற்கும். மேல் தோல்தான் கிழியும். சட்டத்தை வைத்துக்கொண்டு மேல் தோலை மட்டும் புதிதாகப் போடுவது வேறு, முழு சீட்டையும் செய்து அதில் புரூக்ஸ் என்று முத்திரை குத்துவது வேறு. முன்னதை நான் செய்கிறேன், பின்னதைச் செய்யச் சொல்லி வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். புரூக்ஸ் 1866இல் தொடங்கிய கம்பெனி, இன்றும் சீட் செய்து விற்கிறது. அவர்கள் பெயரைக் குத்த நான் யார்?

தோல் விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். குரோம் பதனிட்ட தோல் ஷூ, பைக்கு ஆகும், சீட்டுக்கு ஆகாது. இழுபட்டு நாலு மாதத்தில் தொட்டில் மாதிரி தொங்கிவிடும். சீட்டுக்குப் பட்டை பதனிட்ட தோல் வேண்டும். எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்டார்கள். ஐந்து மில்லிமீட்டர் கனத்தில் எடுத்து, ஊறவைத்து, மர அச்சில் இழுத்து ஆணியடித்து, நிழலில் காயவிட வேண்டும். வெயிலில் வைத்தால் ஓரம் வெடிக்கும். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: பட்டைத் தோல் உள்ளே முழுக்க ஒரே பழுப்பு. குரோம் தோலில் நடுவில் நீலச் சாம்பல் கோடு ஓடும். ரிவெட் செம்பில் இருக்க வேண்டும், தலையைச் சுத்தியால் ஒவ்வொன்றாகத் தட்டிச் சாய்த்திருக்க வேண்டும்.

முத்திரை இல்லாத என் சீட்டை மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்கள், “யார் செய்தது” என்று கேட்டால் ஊர்ப் பெயரைச் சொல்கிறார்கள். எனக்கு அதுவே போதும்.

கார்பைட் (தூத்துக்குடி)

விளக்கு வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. லூகாஸ் பெயர் பொறித்த பித்தளை கார்பைட் விளக்குகள் நிறைய வருகின்றன. பளபளப்பில் மயங்காதீர்கள். மேல் தொட்டியில் தண்ணீர் ஊற்றி வால்வைத் திறந்து பாருங்கள். கீழ்க் கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். அந்தத் தண்ணீர் கார்பைட் கல்லில் பட்டுத்தான் கேஸ் வரும், கேஸ் மேலேறித்தான் பர்னரில் எரியும். அலங்காரத்துக்குச் செய்ததில் வால்வு வெறும் திருகு, உள்ளே சரியான துளை இருக்காது. தண்ணீர் ஒன்று கொட்டும் அல்லது நிற்கும்.

ஸ்டிக்கரில் ஏமாறாமல் இருக்க ஒரு பூதக்கண்ணாடி போதும். பழைய டிரான்ஸ்பரில் (ஃபிரேமில் ஒட்டும் பெயர்ப்படம்) ஒவ்வொரு நிறமும் தனித்தனிப் படலமாக இருக்கும். இப்போதைய டிஜிட்டல் அச்சில் பொன்னிறத்துக்குள் புள்ளிகள் தெரியும். இதிலும் நல்ல வழி இருக்கிறது. இங்கிலாந்தில் 1955இல் தொடங்கிய வெட்டரன் சைக்கிள் கிளப், பழைய டிரான்ஸ்பர்களை முறையாக மறுபடி அச்சிட்டுத் தரும் ஏற்பாட்டையே வைத்திருக்கிறது. நம்மிடமும் அப்படி ஒன்று இருந்தால் ஆளாளுக்கு ஸ்டிக்கர் கடையில் போய் நிற்க வேண்டியதில்லை.

டபுள் போர்க் (கும்பகோணம்)

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரத்தில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

காட்டர் அண்ணன் சொன்னபடி காட்டரைத் தட்டி எடுத்தேன். பக்கத்து வீட்டு அம்மிக் குழவியை கிராங்கின் அடியில் முட்டுக் கொடுத்துத்தான் தட்டினேன். ஓட்டை நீண்டிருக்கிறது. நான் ஓட்டியது மொத்தம் இருநூறு கிலோமீட்டர்கூட இருக்காது, அதற்குள் ஒரு மில்லிமீட்டர் வாய் பிளந்திருக்கிறது. கை நடுங்கியது. என் மகளை முன் கம்பியில் உட்கார வைத்து இதே வண்டியில்தான் பெரிய கோயில் வரை போய் வந்தேன்.

அப்புறம் நல்ல செய்தி. மயிலாடுதுறைப் பக்கம் ஒரு காயலான் கடையில் ஒடிந்த ராலே ஃபிரேம் ஒன்று கிடந்தது. கிராங்கும் செயின்வீலும் அதிலேயே இருந்தன. மூன்று நாரைத் தலைகளில் ஒன்றின் அலகு உடைந்திருக்கிறது, பல் எல்லாம் நன்றாக இருக்கிறது. எடைக்குப் போட்டுக் கொடுத்தார். பழைய கப்பை மரையோடு மரை வைத்துப் பார்த்தேன், 26தான். இப்போது என் ஹம்பர் ராலேயின் செயின்வீலோடு ஓடுகிறது. பார்ப்பவர்கள் கேட்பார்கள், சொல்லிக்கொள்கிறேன்.

அந்த ஐந்து மனிதர்களைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. எழுத்துப் பஞ்ச் செட் ஒன்றை இரவல் வாங்கி, பின்புறம் “மறுபதிப்பு” என்று எழுத்தெழுத்தாக அடிக்க நினைத்தேன். தமிழ்ப் பஞ்ச் கிடைக்கவில்லை. வாங்கிய ஆண்டை மட்டும் எண்ணில் அடித்திருக்கிறேன். பெயின்ட் துடைத்த இடம் இரண்டே நாளில் சிவக்க ஆரம்பித்துவிட்டது. மேலே என்ன பூசலாம்? பெயின்ட் மட்டும் மறுபடி அடிக்க மாட்டேன்.

காட்டர் பின் (மதுரை)

நல்ல வேலை செய்தீர்கள் தம்பி. பாப்பாவை இனி தைரியமாக உட்கார வையுங்கள்.

துருவுக்கு: மண்ணெண்ணெயில் நனைத்த பித்தளைக் கம்பிப் பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்து, வெயிலில் ஒரு மணி நேரம் சூடேற்றி, சூடோடு சூடாக நிறமில்லாத லேக்கர் ஒரு கை பூசுங்கள். ஆண்டு அடித்த குழிக்குள் லேக்கர் தேங்காமல் குண்டூசியால் எடுத்துவிடுங்கள், அப்போதுதான் எண் படிக்கத் தெரியும். இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெய் தடவி, காகிதத்தில் சுற்றி வைத்தாலும் போதும்.

தமிழ்ப் பஞ்ச் வேண்டுமானால் பாத்திரக் கடைக்காரரிடம் போங்கள். எவர்சில்வரில் பெயர் வெட்டும் மெஷினால் அவரே இரண்டு நிமிடத்தில் எழுதிக் கொடுப்பார்.